வங்கி நடத்தியவர் அமைச்சரானபோது: ஜெலால் பயாரின் வாழ்க்கை

பல ஆண்டுகளாக வங்கித் தணிக்கைப் பணியில் இருக்கிறேன். எந்தக் கிளைக்குப் போனாலும் முதலில் கேட்டு வாங்குவது பெரிய கடன்களின் பட்டியலைத்தான். தொகையைவிடப் பெயர்களையே கூர்ந்து பார்ப்பேன். கடன் வாங்கியவருக்கும் அதற்குக் கையெழுத்துப் போட்டவருக்கும் என்ன உறவு? புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனத்தை உணர்த்த நான் எடுத்துச் சொல்வது, துருக்கியில் வங்கி நடத்திப் பிறகு அமைச்சராகவும் குடியரசுத் தலைவராகவும் ஆன ஜெலால் பயாருடைய கதை.

1883-இல் பர்சாவை அடுத்த கெம்லிக் பகுதியில் உமுர்பே என்ற ஊரில் பிறந்தவர். விவசாய வங்கியிலும், பிறகு பர்சாவில் இருந்த ஒரு ஜெர்மானிய வங்கியின் கிளையிலும் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1919-இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது, மதகுரு வேடத்தில் 'காலிப் ஹோஜா' என்ற பெயரோடு மேற்கு அனத்தோலியாவில் சுற்றி எதிர்ப்புப் படைகளைத் திரட்டினார்.

குடியரசு பிறந்தபோது, ஆங்கிலேய, பிரெஞ்சு முதலீட்டில் நடந்த ஒட்டோமான் வங்கிதான் அரசின் வங்கியாக இருந்தது. சொந்த வங்கி வேண்டும் என்று குடியரசை நிறுவிய தலைவர் அத்தாதுர்க் முடிவு செய்து அந்தப் பொறுப்பைப் பயாரிடம் கொடுத்தார். அமைச்சர் பதவியை விட்டுவிட்டு வந்தார் பயார். 1924 ஆகஸ்ட் 26 அன்று இஷ் வங்கி 2 கிளைகள், 37 ஊழியர்களோடு தொடங்கியது. அறிவித்த மூலதனம் 10 லட்சம் லிரா. கையில் வந்தது அத்தாதுர்க் செலுத்திய 2.5 லட்சம். அந்தப் பணம் வந்த வழி இந்தியாவோடு தொடர்புடையது. துருக்கியரின் விடுதலைப் போருக்காகக் கிலாபத் இயக்கக் காலத்தில் இந்திய முஸ்லிம்கள் திரட்டி அனுப்பிய நிதியில் மிஞ்சியதே அது.

பயார் வங்கியை வளர்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. 1928-இல் வீடுகளுக்கு உலோக உண்டியல் கொடுத்தார்கள். வங்கியையே எட்டிப் பார்க்காத குடும்பங்களுக்குச் சேமிப்புப் பழக்கம் வந்தது. காப்பீடு, நிலக்கரி, சர்க்கரை, கண்ணாடி என்று அந்தப் பணம் தொழில்களுக்குப் போனது.

ஆனால் வங்கியின் நிர்வாகக் குழுவில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வங்கியோடு ஒட்டிக்கொண்டு காரியம் சாதிப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்ற புகார் அப்போதே எழுந்தது. 1932-இல் இஷ் வங்கி காகித ஆலை தொடங்க அனுமதி கேட்டது. அது அரசு செய்ய வேண்டிய தொழில் என்று கருதிய பொருளாதார அமைச்சர் முஸ்தபா ஷெரெஃப் மறுத்தார். அந்த ஆண்டே அவர் பதவி விலக நேர்ந்தது. அடுத்து அமைச்சரானவர் பயார்! ஆலையைக் கடைசியில் அரசு நிறுவனமான சுமேர்வங்கிதான் இஸ்மிட்டில் கட்டியது. பயாரின் சட்டைப்பைக்கு எதுவும் போகவில்லை. அப்படியிருந்தும், விண்ணப்பம் போட்ட இடத்தின் தலைவரே அனுமதி தரும் நாற்காலிக்கு வருவதைத் தணிக்கையாளர் எவரும் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது. நாணயமான மனிதராயிற்றே என்று விட்டுவிடும் இடங்களில்தான் பின்னால் வருபவர்கள் புகுந்துகொள்கிறார்கள்.

1937 முதல் 1939 வரை பிரதமர். 1938-இல் கிழக்குத் துருக்கியின் தெர்சிம் பகுதியில் சிறுபான்மையினரான குர்து அலெவி மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது அவர் ஆட்சியில்தான். வங்கியாளர் பயாரை மதிக்கும் நான் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1946-இல், பின்னாளில் பிரதமரான மெந்தெரெஸ் முதலானோருடன் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கி, 1950 தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார்.

1960 மே 27 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. யாஸ்ஸியாதா தீவில் நடந்த விசாரணையில் ஒரு விசித்திரமான வழக்கு உண்டு. ஆப்கன் மன்னர் பரிசாகத் தந்த நாயைப் பயார் அங்காரா விலங்குக் காட்சிசாலையை 20,000 லிரா கொடுத்து வாங்க வைத்தார், அந்தப் பணத்தை ஓர் ஊரின் நீரூற்றுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த நீதிமன்றத்தின் நியாயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெந்தெரெஸையும் இரண்டு அமைச்சர்களையும் தூக்கிலிட்ட நீதிமன்றம் அது. ஆனால் பதவிக்கு வந்த பரிசு யாருடையது, அதை அரசு நிறுவனத்துக்கே விற்கலாமா என்ற கேள்வி நியாயமானது. பயாருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். 65 வயதைத் தாண்டியவர் என்பதால் ஆயுள் தண்டனையானது. 1964-இல் விடுதலையாகி, 1986-இல் 103-ஆவது வயதில் இறந்தார்.

வாசகர்கள் தங்கள் வங்கியின் ஆண்டறிக்கையை எடுத்து இரண்டு பக்கங்களை மட்டுமாவது படியுங்கள்: இயக்குநர் பட்டியல், தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள். இந்தியாவில் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இயக்குநர்களுக்கும் அவர்கள் பங்கு வகிக்கும் நிறுவனங்களுக்கும் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. உறவினர் பெயரிலும் வேறு நிறுவனத்தின் பெயரிலும் அதைச் சுற்றிப் போக முயல்பவர்களைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

இஷ் வங்கியில் அந்தப் பழைய முடிச்சு இன்னும் அவிழவில்லை. அத்தாதுர்க்கின் உயிலின்படி சுமார் 28 சதவீதப் பங்குகளை அவர் தொடங்கிய குடியரசு மக்கள் கட்சி கவனிக்கிறது. லாபம் துருக்கிய மொழிக் கழகத்துக்கும் வரலாற்றுக் கழகத்துக்கும் போகிறது. கட்சிக்கு ஒரு லிராகூடக் கிடையாது, நிர்வாகக் குழுவில் இடங்கள் மட்டும் உண்டு. அந்தப் பங்குகள் கருவூலத்துக்கு வர வேண்டும் என்கிறார் அதிபர் எர்தோவன். கட்சியின் கையிலிருந்து எடுத்து ஆளும் அரசின் கையில் கொடுப்பதால் வங்கி எப்படி அரசியலிலிருந்து விலகிவிடும் என்பது எனக்குப் புரியவில்லை.