வளர்சரம்: சொல்லும் பொருளும்

கணினி நிரல் எழுதுவோர் நாள்தோறும் ஸ்ட்ரிங் என்று சொல்லும், எழுத்துகளை வரிசையாகக் கோத்த பொருளுக்குச் சரம் என்னும் தமிழ்ச்சொல் கலைச்சொல் தொகுப்புகளில் ஏறி நெடுநாளாயிற்று. ஆனால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீண்டுகொண்டு போகும், அதற்கு வேண்டிய இடத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும் சரத்துக்கு இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை. டைனமிக் ஸ்ட்ரிங் என்று அப்படியே எழுதுவோரும், வளரக்கூடிய சரம், இயங்குநிலைச் சரம், மாறுநீளச் சரம் என்று ஆளுக்கொன்றாகப் பெயர்ப்போரும் உண்டு. என் தெரிவு வளர்சரம் என்பது. இச்சொல் குறுகியது என்பதற்காக மட்டும் இதை நான் விரும்பவில்லை. குறிக்கப்படும் பொருளின் இயல்பை இதைவிடச் சரியாகச் சொல்லும் வடிவம் தமிழில் வேறில்லை என்று கருதுகிறேன்.

ஸ்ட்ரிங் என்பது பழைய ஆங்கிலத்தில் கயிறு, நாண் ஆகியவற்றைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. முத்துகளைக் கோத்த கயிற்றைக் குறித்து, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வரும் எதையும் குறிக்கலாயிற்று. கணினி பிறப்பதற்கு முன்பே இச்சொல் லாஜிக் எனப்படும் ஏரணத்தின் குறியீட்டுப் பிரிவுக்குள் வந்துவிட்டது. ஏரண அறிஞர் சி. ஐ. லூயிஸ் 1918இல் கணித முறைமையை அடையாளங்களின் சரங்களாக விளக்கினார். 1962இல் பெல் ஆய்வகத்தில் உருவான ஸ்னோபால் என்னும் நிரல்மொழி, ஸ்ட்ரிங் என்னும் சொல்லின் சில எழுத்துகளைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. எண்களைக் கணக்கிடுவதே கணினியின் முதன்மை வேலை என்றிருந்த காலத்தில், எழுத்துகளின் வரிசையைத் தேடவும் வெட்டவும் ஒட்டவும் என்றே ஆக்கப்பட்ட மொழி அது.

தமிழில் சரம் என்னும் ஒலிவடிவத்துக்குள் பல சொற்கள் அடங்கியுள்ளன. இலக்கியத்தில் அது அம்பு. சராசரம் என்னும்போது இயங்கும் பொருள். மூச்சை ஆராயும் சரநூலில் அது உயிர்ப்பு. நமக்கு வேண்டியது இவற்றில் எதுவுமன்று, மணியோ பூவோ கோத்த வடம் என்னும் பொருளே. இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் சொல் முதலில் சுட்டுவது வெறுங்கயிற்றை; அதில் எவை கோக்கப்பட்டன என்பதைத் தனியே சொல்ல வேண்டும். தமிழிலோ வெறுங்கயிறு சரடு. கோத்து முடிந்தால்தான் அது சரம். எழுத்துகள் தம் தம் இடத்தில் வரிசை மாறாமல் நிற்க, அவை அனைத்தும் சேர்ந்து ஒரே பொருளாகக் கையாளப்படுவதைக் குறிக்க, மூலச்சொல்லைவிட நம் சொல்லே பொருத்தமாக அமைந்துவிட்டது.

வேறு சொற்களும் போட்டிக்கு வரக்கூடும். இழை என்பதைத் திரெட் என்னும் வேறொரு கருத்துக்குக் கொடுத்துவிட்டோம். தொடர் என்பது சொற்றொடரையும் எண்தொடரையும் நினைவூட்டும். கோவை அழகான சொல்தான். ஆயினும் அதே கோத்தல் வினையில் பிறந்த கோப்பு என்பது ஃபைலுக்கு நிலைத்துவிட்டதால் இரண்டும் மயங்க இடமுண்டு. ஃபைல் என்னும் ஆங்கிலச் சொல்லும் நூலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியில், தாள்களைக் கோத்து வைத்த வழக்கத்திலிருந்து வந்ததே. எழுத்தையும் நூலையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் நமக்கும் பழையது: சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்பவளாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் வைத்து நூல் என்னும் பெயருக்கு நன்னூல் காரணம் சொல்கிறது.

இனி, வளர்தல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் உருவான சி மொழியில் சரம் என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து நிற்கும் பைட் என்னும் சிற்றலகுகளும், அவற்றின் இறுதியில் முடிவைக் காட்டும் ஒரு சுழிய பைட்டுமே. அதன் நீளம் எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை; அறிய வேண்டுமானால் சுழியம் வரும்வரை எண்ணிக்கொண்டே போக வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பது சரத்துக்கே தெரியாமலிருப்பது. எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போனால், எல்லை கடந்து பக்கத்திலிருக்கும் தரவின்மீது எழுத்து விழும், தடுப்பார் இல்லை. 1988 நவம்பரில் இணையத்தில் தானே பரவிய மோரிஸ் புழு என்னும் தீநிரல் நுழைந்த வழிகளுள் ஒன்று இதுவே. 512 பைட் மட்டுமே கொள்ளும் இடத்துக்கு அது 536 பைட்டுகளை அனுப்பியது. அவற்றை வாங்கிய கெட்ஸ் என்னும் செயற்கூறு (ஃபங்ஷன்) அளவைச் சரிபார்க்கவேயில்லை. அந்தச் செயற்கூறு 2011ஆம் ஆண்டின் சி தரத்திலிருந்து நீக்கப்பட்டது.

இக்குறையைப் போக்க நிரலகங்கள் கண்ட வழி எளியது. லைப்ரரி என்று நாம் வழங்கும், ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பாகிய நிரலகம், எழுத்துகளோடு மூன்று செய்திகளைச் சேர்த்து வைக்கிறது: எழுத்துகள் இருக்கும் முகவரி, இப்போதுள்ள நீளம், ஒதுக்கி வைத்திருக்கும் கொள்ளளவு. ஜிம்ப் படத்தொகுப்பு மென்பொருளுக்காகப் பிறந்த ஜிடிகே கருவித்தொகுப்பிலிருந்து பிரிந்து வளர்ந்த ஜிலிப் நிரலகத்தில் ஜிஸ்ட்ரிங் என்னும் அமைப்பு இம்மூன்றையுமே தாங்குகிறது. சி++ மொழியின் தர நிரலகத்திலும், ரஸ்ட் மொழியிலும் பெயர்கள் வேறாயினும் உள்ளே இருப்பவை இவையே.

நீளமும் கொள்ளளவும் வேறு என்பதுதான் வளர்சரத்தின் உயிர்நிலை. ஒரு சிறு செயலை அருகிருந்து பார்த்தால் அது விளங்கும். 16 பைட் ஒதுக்கிய ஒரு சரத்தில் ‘வளர்’ என்று எழுதுகிறோம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். வ, ள, ர, புள்ளி என நான்கு குறியீடுகளுக்கு 12 பைட், முடிவுச் சுழியத்தோடு 13. இன்னும் 3 பைட் மீதமிருக்கிறது. இப்போது ‘சரம்’ என்பதை ஈற்றில் சேர்க்கச் சொல்கிறோம். அதற்கு மேலும் 12 பைட் தேவை; மொத்தம் 25. இடம் போதாது என்பதை நீளத்தையும் கொள்ளளவையும் ஒப்பிட்ட உடனே நிரலகம் அறிகிறது, 32 பைட் உள்ள புதிய இடத்தைக் கேட்டுப் பெறுகிறது, பழையதைப் படியெடுக்கிறது, புதியதை அதன்பின் எழுதுகிறது, நீளத்தை 24 என்றும் கொள்ளளவை 32 என்றும் திருத்துகிறது. பழைய இடம் நினைவகத்துக்குத் திரும்புகிறது.

வேண்டிய 25 பைட்டோடு நிற்காமல் 32 ஏன் கேட்க வேண்டும் என்பது நியாயமான வினா. ஒவ்வொரு முறையும் அளந்து அளந்து இடம் கேட்டால், 1,000 எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்கையில் 4,99,500 எழுத்துகளைப் படியெடுத்திருப்போம். ஓர் எழுத்துக்கான இடத்தில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இடத்தை இரட்டித்துக்கொண்டு போனால், அதே வேலைக்கு 1,023 எழுத்துகளைப் படியெடுத்தால் போதும். கொஞ்சம் இடத்தை வெறுமனே விட்டுவைத்து இவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துவது நல்ல பேரம்தான். ஆனால் சரம் மிகப் பெரிதானபின் இரட்டித்தல் வீணாகும்; ஆதலால் ரெடிஸ் தரவுத்தளத்தின் சர நிரலகம் 1 மெகாபைட் வரை இரட்டித்து, அதற்குமேல் ஒவ்வொரு முறையும் 1 மெகாபைட்டை மட்டும் கூடுதலாக ஒதுக்குகிறது.

படியெடுத்து இடம் மாறுவதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. வளர்வதற்கு முன் சரத்தின் முகவரியை வாங்கி வேறொரு மாறியில் வைத்திருந்தால், வளர்ந்தபின் அம்முகவரி காலி செய்த வீட்டையே காட்டும். இப்பிழையால் ஒரு முழு இரவை நான் இழந்திருக்கிறேன். சிறிய உள்ளீடுகளுக்கு நிரல் ஒழுங்காக ஓடியது. நீண்ட வரி வந்த அன்றுதான் உளறியது. சிறிய வரிகள் கொள்ளளவுக்குள் அடங்கியதால் சரம் இடம் பெயரவேயில்லை என்பது பிறகுதான் புலப்பட்டது. ஆகவே முகவரியை வைத்துக்கொள்ளாமல், எத்தனையாவது பைட் என்னும் எண்ணை வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

இத்தன்மைகளை மனத்தில் இருத்திப் பெயருக்குத் திரும்புவோம். வளரக்கூடிய சரம் என்பது இயலுமையை மட்டும் சொல்கிறது. நீளமான விளக்கமே தவிரப் பெயராகாது. மாறுநீளம் என்பது குறைவதையும் கூடுவதையும் ஒப்பச் சொல்வதால் இடம் பெருகும் செய்தி அதில் இல்லை. இயங்குசரம் என்றால், சரம் என்பதற்கே இயங்குவது என்னும் பொருளுண்டாகையால் கூறியது கூறல் போலத் தோன்றும். வளர்சரம் என்பதோ வினைத்தொகை. வளர்பிறை போலக் காலம் மறைந்து நின்று, வளர்ந்த சரம், வளர்கின்ற சரம், வளரும் சரம் என மூன்றுக்கும் விரியும். நீளம் வளர்ந்ததையும், சேர்க்கும் செயல் வளர்கின்றதையும், மீதமுள்ள கொள்ளளவு வளரப்போவதையும் காட்டுகின்றன. ஒரே அமைப்பில் முக்காலமும் இருப்பதால் முக்காலமும் ஏற்கும் தொகையே அதற்கு உரிய பெயர்.

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எனவே வளர்ச்சரம் என்று எழுதுவது பிழை. பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் ஒருமுறை ஆக்கியபின் திருத்த முடியாத சரத்துக்கு மாறாச்சரம் என்று பெயரிடலாம். அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகையால் அங்கே ஒற்று மிகுந்தே தீரும். ஜாவாவில் ஸ்ட்ரிங் மாறாச்சரம், 2004இல் ஐந்தாம் பதிப்போடு வந்த ஸ்ட்ரிங்பில்டர் வளர்சரம் என்று இரண்டையும் இப்படிப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

இரு சரங்களைச் சேர்க்கும்போது முன்னிருப்பதை நிலைமொழி என்றும் வந்து சேர்வதை வருமொழி என்றும் நம் இலக்கணச் சொற்களாலேயே சொல்லலாம். ஆனால் நிரலகம் அறிந்தது பைட்டுகளை இருந்தபடியே அடுத்தடுத்து வைப்பதை மட்டுமே. ‘வளர்’ என்பதோடு ‘சரம்’ சேரும்போது சரியாக வரும். ‘மாறா’ என்பதோடு சேர்த்தால் ஒற்றில்லாமல் மாறாசரம் என்று நிற்கும். ‘சரம்’ என்பதோடு ‘உம்’ சேர்த்தால் சரமும் என்று ஆகாது, சரம்உம் என்றே இருக்கும். தோன்றல், திரிதல், கெடுதல் எல்லாம் நிரலாளர் தாமே செய்ய வேண்டியவை. ஆதலால் இச்செயலைப் புணர்த்தல் என்னாமல் தொடுத்தல் என்பதே தகும்.

குறுக்கும்போதும் இத்தகைய கவனம் வேண்டும். ஜிஸ்ட்ரிங்கைக் குறுக்கச் சொன்னால் அது எண்ணுவது எழுத்துகளை அன்று, பைட்டுகளையே. 12 பைட் உள்ள ‘சரம்’ என்பதை 9 பைட்டில் வெட்டினால் புள்ளி போய்ச் ‘சரம’ என்று நிற்கும். 10இலோ 11இலோ வெட்டினால் புள்ளிக்குரிய குறியீடே உடைந்து, திரையில் பொருளற்ற ஓர் அடையாளம் தோன்றும்.