சொல் விளக்கம்: பிரெவே

நெடுந்தொலைவு சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல் 'பிரெவே'. "300 பிரெவே முடிச்சாச்சு, அடுத்து 400" என்பார்கள், எண்கள் கி.மீ. கணக்கு. இதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் 'சைக்கிள் போட்டி' என்றோ 'சைக்கிள் மாரத்தான்' என்றோ எழுதிவிடுகிறோம். இரண்டும் பொருந்தாது. பிரெவேயில் முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சே கிடையாது. குறித்த தொலைவைக் குறித்த நேரத்துக்குள் முடித்த எல்லோருக்கும் ஒரே சான்று. அந்தச் சான்றின் பெயர்தான் பிரெவே. சான்றின் பெயரே நாளடைவில் அதைப் பெற்றுத் தரும் பயணத்துக்கும் ஆகிவந்துவிட்டது.

பிரெஞ்சில் எழுதும்போது இந்தச் சொல்லின் கடைசியில் ஒரு 'ட்' உண்டு, உச்சரிப்பில் இல்லை. 'பிரெவெட்' என்று சொல்கிறவர்களும் இருப்பது அதனால்தான். வேர், 'குறுகிய' என்று பொருள்படும் லத்தீன் 'ப்ரெவிஸ்'. குறுகியது என்பதிலிருந்து சுருக்கமாக எழுதிய குறிப்பு, பிறகு கடிதம் என்று பொருள் நகர்ந்தது. ஜெர்மன் மொழியில் கடிதத்துக்கு இன்றும் 'ப்ரீஃப்' என்றுதான் பெயர். பிரெஞ்சில் 'பிரெஃப்' என்பதோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்து 'பிரெவே' ஆனது. நம் வழக்கில் சொன்னால் சிற்றோலை. ஒருவருக்குப் பதவியோ உரிமையோ வழங்கி அரசர் எழுதித் தந்த ஓலை பிரெவே. அப்புறம் காப்புரிமைப் பத்திரம், தேர்வில் தேறியதற்கான சான்று என்று விரிந்தது. ஆக, தகுதியை எழுத்தில் உறுதிப்படுத்துவது என்ற கருத்து தொடக்கத்திலிருந்தே இந்தச் சொல்லில் இருக்கிறது.

சைக்கிளோடு இது சேர்ந்த கதை இத்தாலியில் தொடங்குகிறது. 1897 ஜூன் 12 அன்று ஒரு குழு ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு, ஏறக்குறைய 230 கி.மீ., பகல் வெளிச்சத்துக்குள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போனவர்களை 'ஆடாக்ஸ்' என்றார்கள், லத்தீனில் துணிச்சல்காரர். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச், மறு ஆண்டே இந்த வழக்கத்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அந்த முறையில் எல்லோரும் கூட்டமாக, முன்னால் போகும் தலைவரின் வேகத்துக்கே ஓட்ட வேண்டும். 1921இல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் அவரவர் வேகத்தில் ஓட்டும் பிரெவேயை அறிமுகப்படுத்தியது. இன்று உலகெங்கும் நடக்கும் பி.ஆர்.எம். (பிரெவே தெ ராந்தொனர் மொந்தியோ, அதாவது உலக ராந்தொனர் பிரெவே) பயணங்கள் அதன் வழி வந்தவை. எங்கே ஓட்டினாலும் முடிவுகளைச் சரிபார்த்து ஏற்பது அந்தப் பாரிஸ் சங்கம்தான்.

பி.ஆர்.எம். என்பதன் நடு எழுத்து 'ராந்தொனர்'. இப்படி ஓட்டுகிறவருக்கு அதுதான் பெயர். பழைய பிரெஞ்சில் 'ராந்தோன்' என்றால் பாய்ச்சல், வேகம். ஆங்கிலத்தின் 'ராண்டம்' இதிலிருந்து வந்ததே. வேட்டைக்காரர் வழக்கில் 'ராந்தொனே', துரத்தப்பட்ட விலங்கு தான் கிளம்பிய இடத்தைச் சுற்றி ஓடும் ஓட்டம். அங்கிருந்து நீண்ட சுற்று, நெடுநடை, நெடும்பயணம் என்று பொருள் தணிந்தது. பாய்ச்சலைக் குறித்த சொல் பொறுமையான பயணத்தைக் குறிக்க வந்தது எனக்கு மிகவும் பிடித்த பொருள் மாற்றம்.

இனி அந்தச் சிற்றோலையைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். புறப்படும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு மடிப்பு அட்டை தருவார்கள். வழியில் நின்று முத்திரை வாங்க வேண்டிய ஒவ்வொரு சாவடிக்கும் அதில் ஒரு கட்டம். சாவடியின் பெயர், தொலைவு, திறக்கும் நேரம், மூடும் நேரம் அச்சாகியிருக்கும், முத்திரைக்கும் கையெழுத்துக்கும் இடம் காலியாக இருக்கும். மூடும் நேரம் பெரும்பாலும் மணிக்கு 15 கி.மீ. என்ற கணக்கில் வரும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 100ஆவது கி.மீ. சாவடி 12.40க்கு மூடிவிடும். முழுப் பயணத்துக்கு 200 கி.மீ. என்றால் 13.5 மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஒரே ஆண்டில் இந்த நான்கையும் முடித்தவர் 'சூப்பர் ராந்தொனர்'.

மலை வரும்போதுதான் இந்த எண்களின் கனம் தெரியும். வழி சமவெளியானாலும் ஏற்றமானாலும் நேரம் அதேதான். அந்த 100 கி.மீ.யில் முதல் 40 ஏற்றமாக இருந்து மணிக்கு 10 கி.மீ. வேகமே கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணி நேரம் போய்விட்டது. மிச்சம் 60 கி.மீ.க்கு 2 மணி 40 நிமிடம்தான், அதாவது மணிக்கு 22.5 கி.மீ. இறக்கம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் நின்று தண்ணீர் நிரப்பும் நேரமும் பஞ்சர் ஒட்டும் நேரமும் இந்தக் கணக்கிலேயே அடங்க வேண்டும். உதவி வண்டி சாவடியில் மட்டுமே கிட்டே வரலாம், நடுவழியில் கூடாது.

இங்கே 'மொத்த ஏற்றம்' என்ற சொல்லையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. 3,000 மீட்டர் மொத்த ஏற்றம் என்றால் அவ்வளவு உயர மலை என்று அர்த்தமில்லை. வழியில் ஏறிய மேடுகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை அது. பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் நல்ல உதாரணம். 1891இல் பந்தயமாகத் தொடங்கி, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரெவேயாக நடக்கும் 1,200 கி.மீ. வழி, அதிகபட்ச நேரம் 90 மணி. வழியில் உள்ள மிக உயர்ந்த மேடுகூட 400 மீட்டரைத் தொடாது. ஆனாலும் ஏறி இறங்கி ஏறி, மொத்த ஏற்றம் 10,000 மீட்டரைத் தாண்டிவிடும். அதே அளவு ஏற்றத்தை 600 கி.மீ.க்குள் அடக்கிய 'சூப்பர் ராந்தொனே' பயணங்களும் உண்டு. அவை நேரடியாக மலைக் கணவாய்களில் ஏறுபவை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பயணத்துக்கு நல்ல பழஞ்சொல் 'செலவு'. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் வருத்தம் கண்டு போகாமல் நிற்பதைச் சங்கப் பாடல்களில் 'செலவழுங்குதல்' என்பார்கள். இன்று 'நெடுஞ்செலவு' என்று எழுதினால் எல்லோருக்கும் பணம்தான் நினைவுக்கு வரும், அதனால் மனமில்லாமல்தான் அதை விட வேண்டியிருக்கிறது. 'தகுதித் தேர்வு' என்பதில் வழியும் வண்டியும் காணாமல் போகின்றன. என் தேர்வு 'சான்றுப் பயணம்'. பிரெவேயின் வேர்ப்பொருளும் அதில் இருக்கிறது, கேட்டவுடன் விளங்கவும் செய்கிறது. முதல் தடவை 'மிதிவண்டிச் சான்றுப் பயணம்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். ராந்தொனருக்கு 'நெடும்பயணி' போதும்.

சாவடிக்கு மட்டும் 'சோதனைச் சாவடி' வேண்டாம், காவல்துறையின் நினைவு வந்துவிடும். 'முத்திரைச் சாவடி' என்றால் அங்கே நடப்பது என்ன என்பது பெயரிலேயே தெரியும். அட்டைக்கு 'வழியட்டை'. வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். "600 கி.மீ. சான்றுப் பயணத்தை முடித்தார்" என்றுதான் எழுத வேண்டும், "வென்றார்" என்று அல்ல.