ஜானர் தொடர் – இல்பொருள் புனைவு

"எந்த ஜானர் படம்?" என்று யாராவது கேட்டால் காதல், குடும்பம், அடிதடி, பேய் என்று ஏதாவது ஒன்றைச் சொல்கிறோம். தமிழில் ஜானர் என்றால் வகை, அவ்வளவுதான். படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் தரும் அமெரிக்காவின் சாட்டர்ன் விருதுப் பட்டியலைப் படிக்கும்போதுதான் இந்தப் பொருள் கைகொடுக்காமல் போகிறது. 1990களில் அங்கே தொலைக்காட்சிக்குத் தந்த விருதின் பெயரை அப்படியே எழுதினால் ‘சிறந்த ஜானர் தொலைக்காட்சித் தொடர்’ என்று வரும். எந்த ஜானர் என்று அதில் இருக்காது. ‘சிறந்த வகைத் தொடர்’ என்று தமிழாக்கினாலோ ஒன்றுமே விளங்காது. அந்த வட்டாரத்தில் ஜானர் என்று மட்டும் சொன்னாலே அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டஸி), திகில் மூன்றையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

பொதுவான ஒரு சொல் இப்படிக் குறுகியதன் கதை சுவையானது. ஜானர் பிரெஞ்சுச் சொல். இனம், வகை என்பது பொருள். அதன் வேர் லத்தீனின் ‘கெனுஸ்’. பிறப்பைக் குறிக்கும் அதே பழைய இந்தோ–ஐரோப்பிய வேரிலிருந்துதான் வடமொழியின் ஜனனம், ஜாதி எல்லாம் வந்தன. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து சினிமாப் பேச்சு வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஐரோப்பிய ஓவிய உலகில் இந்தச் சொல் ஏற்கெனவே ஒருமுறை இதே போலக் குறுகியிருக்கிறது. புராணம், சமயம், வரலாறு ஆகியவற்றை வரைவதே உயர்ந்த ஓவியம் என்று பிரான்சின் ஓவியக் கழகம் வைத்திருந்தது. பூ, பழம், விலங்கு, அடுப்படி, சந்தை என்று மற்றதை வரைந்தவர்கள் ‘ஜானர்’ ஓவியர்கள். பின்னாளில் அது இன்னும் சுருங்கி, அன்றாட வாழ்க்கைக் காட்சியை மட்டும் குறித்தது. டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண் அந்த வகைக்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. ஓவியத்தில் ஜானர் என்றால் வீட்டுக்குள் நடக்கும் சாதாரணம். தொலைக்காட்சியில் ஜானர் என்றால் எங்குமே நடக்காதது. பொருள் தலைகீழ், ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே. நடுவில் உட்கார்ந்திருக்கும் கலைக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. ஓரத்துக்குத் தள்ளப்பட்டதன் மேல்தான் ‘வகை’ என்ற சீட்டு ஒட்டப்படுகிறது.

சாட்டர்ன் விருது பிறந்ததும் அந்த ஓரத்தில்தான். டிராகுலா கதைகளில் தோய்ந்தவரான டொனால்ட் ரீட் 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் அறிவியல் புனைவு, மிகுபுனைவு, திகில் படங்களுக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார். பெரிய விருதுகள் இந்தப் படங்களை மதிப்பதில்லை என்ற ஆதங்கம் அதற்குப் பின்னால் இருந்தது. முதலில் பொற்சுருள் என்ற பெயரில் தந்த பரிசே பிறகு சாட்டர்ன் ஆனது. சனிக்கோளும் அதைச் சுற்றிப் படச்சுருளால் ஆன வளையமுமாக இருக்கும் கோப்பை அது. தொலைக்காட்சிப் பிரிவு பல ஆண்டு கழித்துத்தான் சேர்ந்தது.

தொலைக்காட்சியிலும் அந்த ஆதங்கத்துக்குக் காரணம் உண்டு. விண்வெளித் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1994இல், அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியின் சிறந்த நாடகத் தொடர் பட்டியலில் இடம்பிடித்தும் வெல்லவில்லை. ‘எக்ஸ்–ஃபைல்ஸ்’ பல முறை அதே பட்டியலில் வந்து வெறுங்கையோடு திரும்பியது. சாட்டர்ன் மேடைதான் அதைக் கொண்டாடியது. 2005இல் ‘லாஸ்ட்’ எம்மியை வென்றபோதும், பிறகு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நான்கு முறை வென்றபோதும் ஜானர் ரசிகர்கள் தங்கள் வீட்டு விசேஷம் போல மகிழ்ந்தார்கள். ஒதுக்கி வைத்த ‘ஜானர்’ என்ற பெயரையே தங்கள் பெயராக அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

காலப்போக்கில் சாட்டர்ன் விருதுப் பெயர்களும் மாறின. பொது ஒளிபரப்பு (நெட்வொர்க்), கேபிள் என்று அலைவரிசையை வைத்துப் பிரித்தார்கள். அந்தக் காலத்தில் வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் காய்ச்சும் ‘பிரேக்கிங் பேட்’ கூட வென்றது. அதில் விண்கலமும் இல்லை, பேயும் இல்லை. 2016 விழாவிலிருந்து அறிவியல் புனைவு, மிகுபுனைவு, திகில் மூன்றுக்கும் தனித்தனி தொடர் விருது வந்தது. இந்தப் பிரிப்பு சரியானது என்றே நினைக்கிறேன். அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரும் ஹியூகோ விருதில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே ‘நாடக ஆக்கம்’ என்று பொதுவாக வைத்துவிட்டார்கள். 1970இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய செய்தி ஒளிபரப்புக்கே அந்தப் பரிசைக் கொடுத்திருக்கிறார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். பொதுப்பொருளில் வரும் ஜானருக்கு ‘வகைமை’ நல்ல சொல், திறனாய்வில் ஊன்றிவிட்டது. பேச்சில் ‘கதைவகை’ போதும். அறிவியல் புனைவைச் சுருக்கி ‘அறிபுனை’ என்பதும் பரவிவருகிறது. மூன்றையும் அடக்கும் அந்தக் குறுகிய பொருளுக்குத்தான் சொல் வேண்டும். ‘கனவுருப்புனைவு’ என்று இணைய இதழ்களில் எழுதுகிறார்கள். அழகான ஆக்கம்தான், ஆனாலும் கனவு என்றதும் மனம் மிகுபுனைவின் பக்கமே போகிறது. திகிலும் விண்வெளியும் வெளியே நின்றுவிடுகின்றன. தொண்ணூறுகளில் ‘மர்மதேசம்’ பார்த்த தலைமுறைக்கு ‘மர்மத் தொடர்’ என்பது வாயில் வரும். துப்பறியும் கதையும் அதற்குள் வந்துவிடுவதால் அதுவும் இங்கே பொருந்தாது.

நான் முன்வைக்க விரும்புவது ‘இல்பொருள் புனைவு’. பள்ளியில் படித்த இல்பொருள் உவமையணி நினைவிருக்கும். உலகில் இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காட்டி உவமையாக்குவது. ‘காளை, கொம்பு முளைத்த குதிரை போலப் பாய்ந்து வந்தது’ என்பது பாடப்புத்தக எடுத்துக்காட்டு. பாலைநிலத்தில் பட்ட மரம் தளிர்ப்பதைச் சொல்லும் 78ஆம் குறளையும் இதற்குக் காட்டுவார்கள். கொம்புக் குதிரை, வேற்றுக்கோள் மனிதர், இறந்தபின் நடமாடும் பிணம் மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அறிவியல் புனைவு நாளை நடக்கக்கூடியதைத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். எழுதும் நாளில் அது இல்லாத பொருள்தான். நாளை வந்தால் வரட்டும்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று: திகில் என்ற சொல்லை நம் இதழ்கள் த்ரில்லருக்கும் போடுகின்றன. சாட்டர்னில் ஆக்‌ஷன்–த்ரில்லருக்குத் தனிப் பிரிவே இருந்திருப்பதால் அப்படிக் கலப்பது பிழையில் முடியும். திகிலைத் திகிலுக்கே விட்டுவிட்டு, மற்றதை ‘விறுவிறுப்புத் தொடர்’ எனலாம். சாட்டர்னைச் ‘சனி விருது’ என்று மாற்ற வேண்டாம், அது இடுபெயர். ஆக, அந்தப் பழைய விருதின் பெயர் ‘சிறந்த இல்பொருள் புனைவுத் தொடர்’. இப்போதைய மூன்றும் ‘சிறந்த அறிபுனைத் தொடர்’, ‘சிறந்த மிகுபுனைவுத் தொடர்’, ‘சிறந்த திகில் தொடர்’.