ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஆனால் கெட்டது எது?

ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது, வண்டி எங்கும் மோதவும் இல்லை, ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினால் கண்ட்ரோல் யூனிட்டையே மாற்றணும் என்று சொல்லித் தலை சுற்றும்படி ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், விளக்கு பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விட்டுவிடக் கூடாது. அதற்காக அந்தத் தொகையை நாளைக்கே கொண்டுபோய்க் கட்டவும் வேண்டாம். விளக்கு எதைப் பார்த்துவிட்டு எரிகிறது என்று தெரிந்தால் ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஏர்பேக் விரிகிற கதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மோதியவுடன் வண்டியின் வேகம் சட்டென்று விழுவதை முடுக்க உணரிகள் கவனிக்கின்றன. முன்பெல்லாம் குழாய்க்குள் காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஒரு உலோகக் குண்டு உருண்டுபோய் மின்சுற்றை மூடும், இப்போது சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண்ணிய துண்டு ஒன்றின் அசைவே போதும். இது பள்ளத்தில் இறங்கிய குலுக்கலா, நிஜமான மோதலா என்று கண்ட்ரோல் யூனிட் சில மில்லி விநாடிகளில் முடிவு செய்கிறது, பையை விரிக்கச் சொல்கிறது, இன்னும் சுமார் 30 மில்லி விநாடிகளில் பை விரிந்துவிடும். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. இந்த அவசரம்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். 1953-இல் அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் காப்புரிமை பெற்ற பை அழுத்திய காற்றை நம்பியிருந்தது. காற்றுக்கு அந்த வேகம் போதவில்லை. கடைசியில், பற்றவைத்தால் நொடியின் ஒரு துளியில் வாயுவாக மாறும் ரசாயனத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆக, உங்கள் ஸ்டியரிங்கின் நடுவில் இருப்பது சின்னதாக ஒரு வெடிமருந்துப் பொட்டலம்.

இப்போது ஒரு கேள்வி. ஒரே ஒரு முறை மட்டும் வேலை செய்யக்கூடிய, வேலை செய்ததும் தீர்ந்துபோகிற ஒரு பொருள் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? தீக்குச்சி நல்லதா என்று பார்க்க உரசித்தான் பார்க்கணும், உரசினால் குச்சி போச்சு. ஏர்பேக் பொறியாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பொட்டலத்தைப் பற்றவைக்கும் பாகத்தின் பெயர் ஸ்க்விப். இரண்டு ஊசிகள், அவற்றுக்கு நடுவே முடியைவிட மெல்லிய ஒரு கம்பி, கம்பியைச் சுற்றிப் பற்றவைக்கும் மருந்து, அவ்வளவுதான். கம்பியின் மின்தடை சுமார் 2 ஓம். பரவலாகப் புழங்கும் தரநிலைப்படி 1.2 ஆம்பியர் மின்னோட்டம் வெறும் 2 மில்லி விநாடி பாய்ந்தால் அது கட்டாயம் பற்றிக்கொள்ள வேண்டும். அதே ஸ்க்விப் 0.4 ஆம்பியரை 10 விநாடி பாய்ச்சினாலும் பற்றிக்கொள்ளவே கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பாதுகாப்பு வேலி. கண்ட்ரோல் யூனிட் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் வேலிக்கு ரொம்பக் கீழே, சில பத்து மில்லி ஆம்பியர் அளவில்தான் இருக்கும்.

40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.2 ஆம்பியரில் 2 ஓம் கம்பியில் உண்டாகும் திறன் சுமார் 2.9 வாட். 40 மில்லி ஆம்பியரில் சுமார் 3 மில்லி வாட். மின்னோட்டம் முப்பதில் ஒரு பங்கு, வெப்பமோ தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. கம்பிக்குச் சூடு உறைக்கவே உறைக்காது. ஆனால் அந்தச் சின்ன மின்னோட்டம் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 80 மில்லி வோல்ட்டை உண்டாக்கும், அதை அளக்க முடியும். 80 வந்தால் 2 ஓம், எல்லாம் சரி. 160 வந்தால் 4 ஓம், எங்கோ தொடர்பு தளர்ந்திருக்கிறது. ஒன்றுமே பாயவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நீங்கள் வண்டி ஓட்டுகிற நேரம் முழுக்க, ஒவ்வொரு பைக்கும், சீட் பெல்ட்டை இறுக்கும் ஒவ்வொரு ப்ரிடென்ஷனருக்கும் (அதற்குள்ளும் மருந்துதான் இருக்கிறது) இந்த விசாரிப்பு ஓய்வில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

இதோடு விடவில்லை. ஸ்க்விப்பின் இரண்டு பக்கமும் தனித்தனி சுவிட்ச், இரண்டும் சேர்ந்து மூடினால்தான் மருந்து பற்றும். எனவே ஒரு வயர் உரசிப்போய் வண்டியின் உடலைத் தொட்டாலும் பை தானாக விரிந்துவிடாது, விளக்கு மட்டும் எரியும். இதைவிட அழகான ஏற்பாடு ஒன்று கனெக்டருக்குள் இருக்கிறது. ஏர்பேக் வயரிங்கில் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்குமே, அந்தக் கனெக்டர். அதைக் கழற்றிய மறுகணம் உள்ளே இருக்கும் சிறிய உலோகத் தகடு விரிந்து, ஸ்க்விப்பின் இரண்டு ஊசிகளையும் குறுக்கே இணைத்துவிடும். கழற்றுகிறவர் விரலிலிருந்து நிலைமின்சாரம் பாய்ந்தாலும் மெல்லிய கம்பியைத் தொடாமல் தகடு வழியாகவே போய்விடும். திரும்ப மாட்டும்போது பிளாஸ்டிக் முனை அந்தத் தகட்டைத் தள்ளி விலக்கும். முழுசாக அழுத்தி மாட்டவில்லை என்றால் தகடு விலகாது, மின்தடை குறைவு என்று விளக்கு எரியும். கனெக்டரை ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடுகிற பிரச்சினைக்குப் புது ஏர்பேக் விற்பதும் உலகத்தில் நடக்கிறது.

நடைமுறையில் அதிகம் வருவது இதற்கு நேர்மாறானது, மின்தடை கூடுதல் என்கிற புகார். 2 ஓம் சுற்றில் கூடுதலாக ஒன்றிரண்டு ஓம் சேர எதுவும் அறுந்துபோக வேண்டியதில்லை. முன் சீட்டுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள், பல வண்டிகளில் அங்கேயும் ஒரு மஞ்சள் கனெக்டர் இருக்கும், சீட்டில் உள்ள பக்கவாட்டுப் பைக்கும் பெல்ட்டுக்கும் போவது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் அந்த வயர் இழுபடுகிறது, பின் சீட்டில் உட்கார்ந்தவர் காலால் இடிக்கிறார், தண்ணீர் பாட்டில் உருண்டு போய் மாட்டிக்கொள்கிறது. இவை எதுவுமே இல்லாவிட்டாலும் வண்டியின் அதிர்வு போதும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருக்க, உதிரும் துகள் ஆக்ஸைடாக மாறி நடுவில் படிந்து மின்சாரத்தை மறிக்கும். தங்க முலாம் பூசிய ஊசிகளை இங்கே பயன்படுத்துவது ஆடம்பரத்துக்காக அல்ல, தங்கத்தில் ஆக்ஸைடு படியாது என்பதால்தான். முலாம் தேய்ந்தால் கதை மறுபடி தொடங்கும்.

அடுத்த சந்தேக நபர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற கிளாக் ஸ்பிரிங். சுழலும் ஸ்டியரிங்கில் இருக்கும் பைக்கும், சுழலாத வண்டிக்கும் இடையே மின் இணைப்பு விட்டுப்போகவே கூடாது. அதற்காக மெல்லிய பட்டை வயர் ஒன்றைச் சுருள்சுருளாகச் சுற்றி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இடது பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், வலது பக்கம் திருப்பினால் தளரும், வண்டிக்கு வண்டி இது மாறலாம். பல வருஷம் இப்படி மடங்கி விரிந்தால் செம்பில் விரிசல் விழத்தான் செய்யும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கும்போது மட்டும் விளக்கு வருகிறது, ஹாரன் சில நேரம் அடிக்க மாட்டேன் என்கிறது, ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள் வேலை செய்யவில்லை, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படணும்.

கூடுதலாக ஓர் ஓம் வந்தால் பை விரியாமல் போய்விடுமா? அநேகமாக விரியும், மருந்தைப் பற்றவைக்கும் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு 4 ஓம் காட்டுகிற தளர்ந்த தொடர்பு, மோதலின் உலுக்கலில் மொத்தமாகவே விட்டுப்போகலாம். அதைவிட முக்கியம், பழுது கண்டதும் பல வண்டிகளில் கண்ட்ரோல் யூனிட் அந்தச் சுற்றையோ சில நேரம் மொத்த அமைப்பையுமோ ஒதுக்கி வைத்துவிடும். விளக்கு எரிகிறபோது எந்தப் பை விரியும், எது விரியாது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. விட்டுவிடக் கூடாது என்றது இதனால்தான்.

சரி, வாசகரின் கண்ட்ரோல் யூனிட்டுக்கு வருவோம். அது கெடவே கெடாது என்று இல்லை. பெரும்பாலும் கியர் லீவருக்கு அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பதால் வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான். ஒருமுறை பை விரிந்துவிட்டால் மோதல் விவரத்தை நினைவில் பூட்டி வைத்துக்கொள்ளும், அதன் பிறகு பொதுவாக அதை மாற்றியாக வேண்டும். புது யூனிட்டை அந்த வண்டிக்கென்று பதிவு செய்யவும் வேண்டும், விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தண்ணீரும் ஏறவில்லை, மோதவும் இல்லை என்றால், சந்தேகப் பட்டியலில் அது கடைசியில் வர வேண்டிய பெயர்.

எனவே முதல் கேள்வி: பிழைக் குறியீடு என்ன? சாதாரண எஞ்சின் ஸ்கேனர்கள் பலவற்றுக்கு ஏர்பேக் குறியீடு தெரியாது, ஏர்பேக் அமைப்பைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அது எந்தப் பை, மின்தடை கூடுதலா குறைவா, உடலைத் தொடுகிறதா என்பது வரை சொல்லிவிடும், பல வண்டிகளில் ஓம் கணக்கையே நேரடியாகக் காட்டும். இரண்டாவது கேள்வி: போலிச் சுமை மாட்டிப் பார்த்தீர்களா? ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு அந்தக் கனெக்டரில் 2 ஓம் அளவுள்ள சோதனைக் கருவியை மாட்டுவார்கள். புகார் மறைந்தால் வயரிங் நல்லது, கோளாறு பையில். மறையவில்லை என்றால் கோளாறு யூனிட் இருக்கும் பக்கம், யூனிட்டை நோக்கி ஒரு கனெக்டர் நகர்ந்து மறுபடி மாட்டிப் பார்க்கணும். யூனிட்டின் வாசல் வரைக்கும் இப்படி வந்து, அங்கேயும் புகார் மறையவில்லை என்றால்தான் யூனிட்டைக் குற்றம் சொல்லலாம். இதைச் செய்யாமல் பாகத்தின் விலையைச் சொல்கிறவர் ஊகிக்கிறார், ஊகத்துக்கான பணம் உங்களுடையது.

இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள், மல்டிமீட்டரை ஸ்க்விப்பில் வைக்கவே வைக்காதீர்கள், அதிலிருந்தும் மின்னோட்டம் பாயும். பேட்டரியைக் கழற்றிவிட்டேனே என்றும் தைரியம் கொள்ள வேண்டாம். மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரியணும் என்பதற்காகவே யூனிட்டுக்குள் ஒரு மின்தேக்கி மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது, அது வடிய நேரம் பிடிக்கும். பேட்டரியை அரை மணி நேரம் கழற்றி வைத்தால் விளக்கு போய்விடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான், குறியீடு மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது.

எனக்கு ஒரு ஆதங்கம். யூனிட்டுக்கு எந்தச் சுற்று, என்ன கோளாறு என்பதெல்லாம் தெரியும். டேஷ்போர்டில் படம் காட்டும் அளவுக்குத் திரையும் இருக்கிறது. ஆனால் வண்டிக்குச் சொந்தக்காரருக்குக் காட்டுவது ஒரே ஒரு விளக்கு. முன் இடது சீட் பக்கவாட்டுப் பை, மின்தடை கூடுதல் என்று ஒரு வரி எழுதிக் காட்ட என்ன தடை? வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் மறைந்திருப்பதால் யாருக்கு லாபம் என்பது தெரிகிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம். எரிந்து அணைந்தாலும் முழுசாக நம்ப முடியாது, ஏனென்றால் மெக்கானிக் சோதனைக்கு மாட்டுகிற அதே 2 ஓமை, சின்ன ரெசிஸ்டராகக் கனெக்டரில் சொருகி அப்படியே விட்டுவிடும் ஆட்களும் உண்டு. யூனிட் கேட்கும், 2 ஓம் என்று பதில் வரும், திருப்தியாக விளக்கை அணைக்கும். மூடிக்குப் பின்னால் பையே இருக்காது.

பை உள்ளே இருந்தாலும், யூனிட்டின் மின்தடைச் சோதனை பார்ப்பது கம்பியை மட்டும்தான், மருந்தை அல்ல. ஏர்பேக் தயாரித்த டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் (பைக்கு வாயுவை உண்டாக்கும் பாகம்) பல வருஷ வெப்பமும் ஈரமும் மருந்தான அம்மோனியம் நைட்ரேட்டைச் சிதைத்து, அது வரம்பு மீறி எரிந்து உலோகக் கூட்டையே உடைத்துத் துண்டுகளை ஆட்கள்மேல் வீசியது. பல நாடுகளில் உயிர்கள் போயின, கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், நிறுவனம் 2017-இல் திவால் ஆனது. அந்த வண்டிகளிலும் கம்பி 2 ஓம்தான் காட்டியது, விளக்கு அணைந்துதான் இருந்தது. அதனால் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், உங்கள் வண்டியின் சேஸி எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் திரும்ப அழைக்கும் பட்டியலில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் பொதுவாக அந்த மாற்றத்துக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள்.