அது 'நாயக் சுபேதார்' இல்லைங்க

இந்த வாரம் மெய்ப்புக்கு வந்த நினைவஞ்சலி மலரிலும் அதே கதைதான். முதல் பக்கத்தில் 'நாயக் சுபேதார்', நாலாம் பக்கத்தில் 'துணை லெப்டினன்ட்', படத்துக்குக் கீழே 'லெப்டினன்ட்'. மூன்றும் ஒரே மனிதர். மூன்றும் தப்பு. அவர் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவர்.

செய்தித்தாள், குடும்ப மலர், கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல் என்று எங்கே பார்த்தாலும் இந்த ஒரு பதவிதான் அடி வாங்குகிறது. கர்னலை யாரும் தப்பாக எழுதுவதில்லை. சிப்பாயையும் எழுதுவதில்லை. நடுவில் இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

முதலில் அந்த 'க்'கை முடித்துவிடுவோம். நாயக் என்பது 'நாயக' என்ற வடசொல்லின் வழி வந்தது. நம்மூர் நாயக்கருக்கும் அதே வேர். இன்றைய தரைப்படையில் நாயக் என்றால் சட்டைக் கையில் இரண்டு பட்டை போட்டவர். ஒரு பட்டை என்றால் லான்ஸ் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். நாயப் வேறு சொல். அரபியிலிருந்து வந்தது, பொருள் 'துணை', 'பதிலாள்'. வடக்கே துணை வட்டாட்சியரை 'நாயப் தாசில்தார்' என்பார்கள். இந்தச் சொல்லின் பன்மையை மரியாதைக்காக ஒரே ஆளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் 'நவாப்' வந்தது. ஆர்க்காட்டு நவாப்பைப் பிழையில்லாமல் எழுதுகிற கை, நாயப்பில் மட்டும் ஏன் வழுக்குகிறது? நாயப் சுபேதார் என்றால் சுபேதாருக்குத் துணை, அவ்வளவுதான். நாயக்குக்கும் அவருக்கும் இடையே ஹவில்தார் பதவி இருக்கிறது. நாயக்காக இருப்பவர் இரண்டு பதவி உயர்வு தாண்டினால்தான் நாயப் சுபேதார் ஆக முடியும். 'நாயக் சுபேதார்' என்று ஒரு பதவி எந்தப் படையிலும் கிடையாது.

இந்தப் பெயரே புதுசு. 1965 வரை அந்தப் பதவிக்கு ஜமேதார் என்றுதான் பெயர். அதன் பிறகு காலாட்படையில் நாயப் சுபேதார், குதிரைப்படை வழிவந்த டாங்கிப் படைகளில் நாயப் ரிசால்தார். ஆகவே 1944ல் பர்மாவில் போரிட்ட தாத்தாவை 'நாயப் சுபேதார்' என்று எழுதினால் அதுவும் பிழை. அவர் ஜமேதார். அப்படியே விட்டுவிடுங்கள்.

ஜமேதார் என்பதில் 'ஜமா' கூட்டம். 'தார்' தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் வரும் அதே 'தார்', உடையவர். முகலாயர் காலத்திலும் பின்னால் வந்த சிற்றரசுகளிலும், தானே ஆள் சேர்த்து ஒரு கூட்டத்தோடு வந்து வேலைக்கு நிற்பவர் ஜமேதார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்ப் படையை ஒழுங்கு செய்தபோது, இந்தப் பெயர்களை எடுத்துச் சம்பளப் பட்டியலில் வரிசையாக அடுக்கியது: ஒவ்வொரு சிறு படைப்பிரிவுக்கும் ஒரு சுபேதார், அவருக்குக் கீழே ஜமேதார், பிறகு ஹவில்தார், நாயக், சிப்பாய். முகலாயரிடம் சுபேதார் ஒரு மாகாணத்தையே ஆண்டவர். இங்கே சுமார் நூறு சிப்பாய்களுக்குத் தலைவர். பதவிப் பெயர்கள் இப்படித்தான் இளைக்கும். அரசுக் குதிரைப்படையில் ஹவில்தாருக்குச் சமமான தபேதார், கலெக்டர் ஆபீசில் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக நிற்பவர் ஆகிவிட்டார். வடநாட்டுப் பேச்சில் ஜமேதார் துப்புரவுப் பணியாளரையும் குறிக்கும். இந்தியிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க: ரெஜிமெண்ட் பெயர் பக்கத்தில் இருந்தால் அவர் படைவீரர்.

கம்பெனிப் படையில் சிப்பாய்களோடு நாள் முழுக்க இருந்தது இந்த ஜமேதார்தான். அவர்களின் மொழி, சாதி, கடன், கோபம் எல்லாம் அவருக்குத் தெரியும். வெள்ளைக்கார அதிகாரிக்குப் பாதி தெரியாது. 1806 ஜூலை 10 வேலூர் எழுச்சியில் ஷேக் ஆதம் போன்ற சுபேதார்களோடு ஷேக் காசிம் போன்ற ஜமேதார்களும் முன்னால் நின்றதில் வியப்பில்லை. 1857ல் பாரக்பூரில் மங்கள் பாண்டேயைப் பிடிக்க உத்தரவு வந்தபோது, காவல் பிரிவின் பொறுப்பிலிருந்த ஜமேதார் ஈசுவரி பிரசாத் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாண்டேயைத் தூக்கிலிட்ட அதே மாதத்தில் அவரையும் தூக்கிலிட்டார்கள். பாண்டே வெறும் சிப்பாய். கேள்வி கேட்கப்பட வேண்டியவர் என்று அரசு ஜமேதாரையும் கருதியது.

இவ்வளவு பொறுப்பிருந்தும், தலை நரைத்த ஜமேதார் நேற்று வந்த பிரிட்டிஷ் பையனுக்குக் கீழேதான். காரணம், அதிகாரியாக நியமிக்கும் ஆணைப் பத்திரம். பிரிட்டிஷ் அதிகாரிக்கு அதைத் தருவது அரசர். ஜமேதாருக்குத் தருவது வைசிராய். 1918 முதல் சில இந்தியர்கள் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரிக்குப் போய் அரசரின் ஆணையைப் பெற்றார்கள்; 1932ல் இங்கேயே டேராடூனில் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் வந்தது. அதனால் 1930, 40களில் ஒரே படையில் இரண்டு வகை இந்திய அதிகாரிகள். விடுதலைக்குப் பிறகு வைசிராய் போனார், வகை போகவில்லை. அதுதான் இன்றைய ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) என்ற அடுக்கு: நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர்.

ஆக அவர் ஹவில்தாரின் நீட்சியும் இல்லை, லெப்டினன்ட்டின் தம்பியும் இல்லை. பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து பல வருடம் உழைத்து வருபவர். (விதிவிலக்கு உண்டு: மதபோதகர்கள் நேரடியாக இந்தப் பதவியில் சேர்வார்கள், நீரஜ் சோப்ரா 2016ல் விளையாட்டு ஒதுக்கீட்டில் நேரடியாக நாயப் சுபேதார் ஆனார்.) ஏழாவது ஊதியக் குழுவில் நாயப் சுபேதாருக்கு 6ஆம் நிலை, தொடக்கம் ரூ.35,400. லெப்டினன்ட்டுக்கு 10ஆம் நிலை, ரூ.56,100. 'துணை லெப்டினன்ட்' என்று எழுதுவதில் இன்னொரு வம்பும் இருக்கிறது: கடற்படையில் சப் லெப்டினன்ட் என்று முழு அதிகாரிப் பதவி நிஜமாகவே உண்டு. படிக்கிறவர் உங்கள் தாத்தாவைக் கப்பலில் ஏற்றிவிடுவார்.

படத்தைப் பார்த்துப் பதவி சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு: இன்றைய தரைப்படை உடுப்பில் தோளில் ஒற்றை நட்சத்திரம் இருந்தால் அவர் நாயப் சுபேதார். புதிதாக வரும் அதிகாரி நேராக லெப்டினன்ட் ஆகிவிடுவதால் தொடக்கமே இரண்டு நட்சத்திரம். ஆனால் சுபேதாருக்கும் இரண்டு. வித்தியாசம் நட்சத்திரத்தில் இல்லை, அதற்குக் கீழே தோள்பட்டையின் குறுக்கே ஓடும் சிவப்பு மஞ்சள் பட்டியில். பட்டி இருந்தால் ஜே.சி.ஓ. போலீசில் இன்ஸ்பெக்டருக்கும் மூன்று நட்சத்திரம், டி.எஸ்.பி.க்கும் மூன்று, பட்டியை வைத்துத்தானே பிரிக்கிறோம்? அதே கணக்கு. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இதை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஜமேதாருக்கும் ஒரு நட்சத்திரம், செகண்ட் லெப்டினன்ட்டுக்கும் ஒரு நட்சத்திரம்.

எனவே படத்தை வைத்துவிட்டு டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். விடுதலைக்குப் பிந்தையது என்றால் அதிலுள்ள படை எண்ணின் முன்னெழுத்தைப் பாருங்கள். 'ஜே.சி.' என்று தொடங்கினால் ஜே.சி.ஓ. 'ஐ.சி.', 'எஸ்.எஸ்.' என்றால் அதிகாரி. சுருக்கமாக 'ஜெம்' என்று இருந்தால் ஜமேதார். அது ஆள் பெயர் இல்லை, 'ஜேம்ஸ்' என்று திருத்தி வைக்காதீர்கள்.

'கௌரவ' என்ற சொல்லைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஹவில்தாராக ஓய்வு பெறுபவருக்குக் கௌரவ நாயப் சுபேதார் பட்டம் கிடைக்கலாம். மூத்த ஜே.சி.ஓ.க்களுக்குக் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவி அறிவிப்பார்கள். இடப் பற்றாக்குறை என்று அந்தச் சொல்லை எடுத்தால் பதவியே மாறிப்போகும்.

நிகழ்ச்சி நடந்த அன்று என்ன பதவியோ அதைத்தான் எழுத வேண்டும். 1987 ஜூனில் சியாச்சின் சிகரத்தைப் பிடித்து, அதற்காகப் பரம்வீர் சக்ரா பெற்ற பானா சிங் அன்று நாயப் சுபேதார். கௌரவ கேப்டன் ஆனது பிற்பாடு. 'கேப்டன் பானா சிங் தலைமையில் ஏறினார்கள்' என்று எழுதினால், அந்தப் பனியில் ஒரு ஜே.சி.ஓ. செய்த காரியத்தை வேறொரு அடுக்குக்குத் தூக்கிக் கொடுத்தாகிவிடும்.

பத்திரிகையில் அச்சான பிழைக்கு மறுநாள் திருத்தம் போடலாம். கருங்கல்லில் வெட்டியதற்கு வழியில்லை. உளியைத் தொடும் முன் ஸ்தபதியிடம் பென்ஷன் ஆணையின் நகலைக் கொடுத்துவிடுங்கள். நாயப், நாயிப், நயிப் எதுவாக வெட்டினாலும் பரவாயில்லை. கடைசி எழுத்து 'ப்'.