வயிறு நிறைந்தும் வளராத பிள்ளை

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மூன்று வேளையும் கஞ்சி குடிக்கும் பிள்ளைக்கும் இது நேர்கிறது. காரணத்தில் ஒரு பங்கு அந்தக் கஞ்சியிலேயே இருக்கிறது.

9 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஏறக்குறைய 270 மில்லி. தாய்ப்பால் போக, நாளொன்றுக்கு அதற்குச் சுமார் 550 கலோரி வேண்டும். 10 கிராம் மாவில் காய்ச்சிய 200 மில்லி கஞ்சியில் இருப்பதோ 35 கலோரிதான். பதினாறு டம்ளர் எந்தக் குழந்தை குடிக்கும்? மாவைக் கூட்டினால் கஞ்சி பசையாக இறுகும், குழந்தை துப்பும், அம்மா மறுபடி தண்ணீர் ஊற்றுவார்.

இதற்கு நல்ல வழி முளைகட்டிய கேழ்வரகு. ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு நாள் முளைவிட்டு, வெயிலில் காயவைத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தை வெட்டித் துண்டாக்கும். 40 கிராம் மாவில் கெட்டியாகக் காய்ச்சிய 200 மில்லி கூழை இறக்கி, சற்று ஆறியதும் ஒரு தேக்கரண்டி முளைமாவைக் கலக்கினால் சில நிமிடங்களில் இளகிவிடும். கொதிக்கும்போதே போட்டால் நொதி அழிந்துவிடும். முளைமாவைக் கருக வறுத்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கே. இளகியபின் ஒரு கொதி விடுவது கட்டாயம், முளைமாவில் கிருமிகள் இருக்கலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் இன்னும் 45 கலோரி.

கலோரி மட்டும் போதாது. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள், இரும்பையும் துத்தநாகத்தையும் (ஜிங்க்) பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. துத்தநாகம் குறைந்தால் எலும்பு வளர்ச்சி மந்தமாகும், வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும்; ஒவ்வொரு முறையும் குடற்சுவர் சிதைந்து, தின்பதும் ஒட்டாமல் போகும். முட்டை, நெத்திலி, ஈரல் தினம் வாங்க முடியாத வீட்டில் கீரைமேல் எலுமிச்சைச் சாறாவது பிழியலாம், இரும்பு உடம்பில் சேர அது உதவும். சாப்பாட்டோடு டீ கொடுப்பதை நிறுத்தியே ஆக வேண்டும், அது இரும்பைத் தடுக்கும்.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசலோடு, ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், 14 நாள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மீதி நாள்கள் இழந்ததை ஈடுகட்டுவதற்கு.

உயரத்தை அளந்தால்தான் குறை தெரியும். கண்ணுக்குப் பிள்ளை கச்சிதமாகவே இருக்கும். இரண்டு வயதுவரை படுக்கவைத்து, பிறகு நிற்கவைத்து அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் 0.7 செ.மீ. பிசகும். இரண்டு வயது நிறைந்த ஆண்பிள்ளை நின்றநிலையில் 81 செ.மீ.க்கும், பெண்பிள்ளை 79.3 செ.மீ.க்கும் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியிருக்கிறது.