மாலையானால் சரியும் இமை

வன்னியில் பாம்பு கடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டு போகும்போது வழி முழுவதும் அவருடைய இமையைத்தான் பார்த்துக்கொண்டு போவோம். இமை சரியத் தொடங்கினால் விஷம் ஏறிவிட்டது என்பது எங்கள் பாட்டன் பாட்டிமார் காலத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைச் சாமத்தில் கட்டுவிரியன் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமும் பெரிதாக இராது, நோவும் பெரிதாக இராது. விடியும்போது அவர் கண்ணைத் திறக்க முடியாமல், நாக்குக் குழறக் கிடப்பார்.

அதனால், எங்கள் அயலில் இருக்கும் அக்கா ஒருவருக்குச் சூடடிப்பு நாளொன்றின் மாலையில் இரண்டு இமைகளும் சரிந்தபோது எல்லோரும் பாம்பைத்தான் நினைத்தார்கள். மோட்டார் சைக்கிளில் நடுவே இருத்திக் கொண்டு ஓடினார்கள். கடிவாய் இல்லை. இரத்தம் ஒழுங்காக உறைந்தது. ஓரிரவு வாட்டில் வைத்துப் பார்த்தார்கள். காலையில் கண் நன்றாகத் திறந்திருந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அது திரும்பத் திரும்ப வந்தது. மாலையில் ஒன்று இரண்டாகத் தெரியும். சோறு மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். காலையில் எல்லாம் மறைந்துவிடும். மனவருத்தம் என்றார்கள் சிலர். வேலைக்குக் கள்ளம் என்றும் சொன்னார்கள். நோயைவிட அந்தச் சொல்தான் அவரைத் தின்றது.

இரண்டு வருடம் கழித்து நோயின் பெயர் தெரிந்தது: மயஸ்தீனியா கிராவிஸ். பாம்பை நினைத்தவர்கள் ஒரு வகையில் சரியாகவே நினைத்திருக்கிறார்கள். நாகத்தின் விஷமும் இந்த நோயும் உடம்பில் போய்ப் பிடிக்கும் இடம் ஒன்றுதான்.

அந்த இடம், நரம்பும் தசையும் சந்திக்கும் முனை. சந்திக்கும் என்றாலும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஏறக்குறைய 50 நானோமீற்றர் இடைவெளி உண்டு. தலைமயிரின் தடிப்பை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடச் சிறியது. மூளையின் கட்டளை மின்துடிப்பாக நரம்பு நுனிக்கு வந்ததும், அங்கே பொதி பொதியாகக் கட்டிவைத்திருக்கும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் இடைவெளிக்குள் கொட்டும். அக்கரையில், தசையின் மேற்பரப்பில், அதைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் நெருக்கமாக நிற்கின்றன. அசற்றைல்கோலின் வந்து பொருந்தியதும் வாங்கி திறந்து சோடியத்தை உள்ளே விடும், தசை சுருங்கும். வேலை முடிந்த அசற்றைல்கோலினை அங்கேயே காத்திருக்கும் நொதியம் ஒன்று வெட்டித் துப்புரவாக்கும். ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் இது பல தடவை நடந்து முடிந்துவிடும்.

நாகத்தின் விஷம் இந்த வாங்கிகளில் போய் ஒட்டி, அசற்றைல்கோலின் வந்தாலும் இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. கட்டுவிரியன் இன்னும் ஒரு படி கடந்து, பொதிகள் இருக்கும் நரம்பு நுனியையே சிதைக்கிறது. அதனால்தான் அது கடித்தவர் சில வேளை நாட்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் கிடக்க வேண்டிவருகிறது. மயஸ்தீனியாவில் வெளியிலிருந்து விஷம் எதுவும் வருவதில்லை. கிருமிகளைப் பிடிக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் சொந்த வாங்கிகளையே அந்நியம் என்று எண்ணிப் பிடிக்கின்றன. கவர்த்தடி போல இரண்டு கை கொண்டவை அவை. ஒரு கையால் ஒரு வாங்கியையும் மறுகையால் இன்னொன்றையும் பற்றிப் பிணைத்துவிட்டால், தசை அந்த இரண்டையும் உள்ளே இழுத்து அழித்துவிடும். இரத்தத்திலுள்ள வேறு புரதங்களையும் அவை வரவழைப்பதால் தசையின் மேற்பரப்பே சேதமாகும்.

சரி, வாங்கிகள் குறைந்துவிட்டன என்றால் காலையிலும் அல்லவா பலவீனம் இருக்க வேண்டும்? மாலையில் மட்டும் ஏன்? இந்த நோயின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினமில்லை.

குளத்தின் மதகான துருசு திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் வேகமாக வரும். போகப் போகக் கொஞ்சம் தணியும். வயல் வரம்பில் வெட்டிய வாய் அகலமாக இருந்தால் அந்தத் தணிவு நமக்குத் தெரியவே தெரியாது. தேவைக்கு மேலேயே தண்ணீர் பாய்கிறது. வரம்பு வாய் பாதி மண் மூடிக் கிடந்தால்? முதல் வேகத்தில் வரும் தண்ணீர் மேலேறிப் பாய்ந்துவிடும். சற்றுத் தணிந்ததும் வயல் காயும். நரம்பு நுனியும் இப்படித்தான். திரும்பத் திரும்பத் துடிப்பு வரும்போது கொட்டும் பொதிகளின் எண்ணிக்கை யாருக்கும் குறையும். சுகதேகிக்கு வாங்கிகள் தேவைக்கு மேலே நிறைய இருப்பதால் அந்தக் குறைவு கணக்கில் வராது. அக்காவுக்கு அந்த உபரி இல்லை. முதல் பத்துக் கவளத்துக்குத் தாடை அசையும், பிறகு ஓயும். சற்று ஓய்ந்திருந்தால் பொதிகள் மீண்டும் நிரம்பும், பலமும் திரும்பும். சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. கண்தசைகள் நாள் முழுவதும் ஓயாமல் உழைப்பவை. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் அறிகுறி கண்ணில்தான் தெரிகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையும் விஷத்தின் வழியாகத்தான் வந்தது. 1934இல் கிரீனிச்சில் பணியாற்றிய மேரி வாக்கர் என்ற பெண் வைத்தியர், இந்த நோய் தென்னமெரிக்க அம்பு நஞ்சான கியுராரே ஏறியது போல இருக்கிறது என்பதைக் கவனித்து, அந்த நஞ்சை முறிக்கும் மருந்தான பைசோஸ்டிக்மினை நோயாளிக்கு ஏற்றினார். சரிந்த இமை சற்று நேரத்தில் உயர்ந்தது. 1973இல் ஃபாம்பரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவர், தாய்வானின் கட்டுவிரியன் விஷத்திலிருந்து பிரித்த, வாங்கிகளில் போய் ஒட்டும் புரதத்தைக் கொண்டு நோயாளிகளின் வாங்கிகளை எண்ணினார்கள். மற்றவர்களிடம் இருந்ததில் 11 முதல் 30 சதவீதம்தான் இருந்தது. அதே ஆண்டில் பற்றிக், லின்ட்ஸ்ட்ரோம் இருவரும் மின்விலாங்கின் வாங்கியை முயல்களுக்கு ஏற்றினார்கள். முயல்கள் அதை எதிர்க்கப் பிறபொருளெதிரி உண்டாக்கி, அதனாலேயே தளர்ந்து விழுந்தன. ஆளைக் கொல்லும் கட்டுவிரியனின் விஷம் ஒரு நோயை அளக்கும் கோலாக மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மேரி வாக்கர் கண்ட வழியில் வந்ததுதான் இன்று கொடுக்கப்படும் பைரிடோஸ்டிக்மின் குளிசை. துப்புரவாக்கும் நொதியத்தை அது சற்று நேரம் கட்டிவைக்கிறது. அசற்றைல்கோலின் கூடுதல் நேரம் தங்கி, மிஞ்சியிருக்கும் வாங்கிகளைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. வயலுக்கு அடிக்கும் ஒகனோபொசுபேற்றுக் கிருமிநாசினி கொல்வதும் இதே நொதியத்தைக் கட்டித்தான்; அது சுலபத்தில் அவிழ்வதில்லை. ஆகவே குளிசையும் அளவு மீறினால் வயிற்றோட்டம், எச்சில் பெருக்கு, பலவீனம் என்று திருப்பி அடிக்கும். தானாகக் கூட்டிப் போடக் கூடாது.

குளிசை வேரைத் தொடுவதில்லை. வேர் நிர்ப்பீடனத்தில், அதாவது உடம்பின் நோயெதிர்ப்பில், இருக்கிறது. பிரெட்னிசொலோன், அசதயோபிரின் போன்ற மருந்துகள் அதை அடக்குகின்றன. அசதயோபிரின் பலன் தரப் பல மாதங்கள் ஆகும், இடையில் நிறுத்திவிடக் கூடாது. நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பியும் இதில் கூட்டாளி. பத்தில் ஒருவர் அளவில் அதில் கட்டி இருப்பதால் எல்லோருக்கும் நெஞ்சை ஸ்கான் செய்து பார்ப்பார்கள். கட்டி இல்லாதவர்களில் பலருக்கும் அந்தச் சுரப்பியை அகற்றினால் பலன் உண்டு என்பது 2016இல் வெளியான ஆய்வில் உறுதியானது.

பயப்பட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. விழுங்க முடியாமை, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமை, இருமலுக்கு வலு இல்லாமை. சுவாசத் தசைகள் தளர்கின்றன என்று அர்த்தம். நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் தொற்றும் இதைத் தூண்டும். சில மருந்துகளும் தூண்டும்: ஜென்ராமைசின், சிப்ரோஃப்ளொக்சசின், அசித்ரோமைசின், மக்னீசியம் ஊசி, ஒரு காலத்தில் வன்னியில் வீட்டுக்கு வீடு இருந்த மலேரியாக் குளிசையான குளோரோகுவின். எந்த வைத்தியரிடம், எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. கிளினிக் காலையில் நடக்கிறது, நோய் மாலையில் வருகிறது. இருட்டோடு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், இருந்து ஓய்வெடுத்து, வைத்தியருக்கு முன்னால் போகும்போது கண் பளிச்சென்று இருக்கும். அக்காவின் மகள் செய்தது, மாலை ஆறு மணிக்குத் தாயின் முகத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, மறுநாள் காலை ஏழு மணிக்கும் படம் பிடித்து, இரண்டையும் காட்டியது. அந்த இரண்டு படங்களைப் பார்த்த வைத்தியர் அவரை மேலே பார்க்கச் சொல்லி இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்தார். இமை மெல்ல இறங்கியது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை அதன் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். குளிரில் நொதியத்தின் வேகம் குறைய, இமை ஏறியது. பிறகுதான் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

இப்போது அக்கா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் குளிசை போடுகிறார். வெயிலேறுமுன் வயலுக்குப் போய்வருகிறார். மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்கிறார். வீட்டில் ஒருவரும் அவரை எழுப்புவதில்லை.